பதினேழாம் தொகுதியும் என் ராஜதந்திரமும்

அலுவலகம் வேறு, வீடு வேறு. இதுதான் என் தீர்மானம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படி ஏறும்போது எடுத்தது. மொத்தம் பதினெட்டுப் படி. முதல் படியில் யோசிக்க ஆரம்பித்து, பதினைந்தாவது படியில் முடிவுக்கு வந்து, மிச்சம் மூன்று படிகளை ஒரு சுதந்திர மனிதனாக ஏறினேன்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகக் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். தலைமையாசிரியர் கையெழுத்துப் போடுகிற கடிதம் எதுவானாலும் முதலில் தட்டச்சு செய்கிறவனும் நான்தான், கடைசியில் முத்திரை குத்துகிறவனும் நான்தான். அப்படிப்பட்ட ஒருவன், பள்ளி விஷயத்தில் மனைவி கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை அல்லவா? கதவைத் தட்டப் போனேன். அது திறந்தே கிடந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உள்ளே மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு கடிதம் இருந்தது. எங்கள் பள்ளியின் கடிதம். கீழ் வீட்டில் குடியிருக்கும் தையல்காரம்மாவுக்குப் போனது.

"இது நீங்க அடிச்சதுதானே?" என்றாள்.

"தலைமையாசிரியர் கையெழுத்து இருக்கு பாரு."

"கையெழுத்து அவருது. கமா எல்லாம் உங்களுது. மூச்சு விடற இடத்துல எல்லாம் கமா போடறது ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

கடிதத்தில் இருந்தது இதுதான். தையல்காரம்மாவின் மகள் அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தில் தேறவில்லை. ஆகவே, சட்ட விதிகளின்படி, அவளை இந்த வருஷம் பொதுத்தேர்வுக்கு அனுப்ப இயலாது. அந்தப் பெண்ணுக்கு அப்போது மஞ்சள் காமாலை. மூன்று வாரம் படுக்கையில் கிடந்துவிட்டு, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் வந்து எழுதினாள். அது எனக்கும் தெரியும். தலைமையாசிரியருக்கும் தெரியும். ஆனால் அவருக்குத் தேர்ச்சி விகிதம் நூற்றுக்கு நூறு வர வேண்டும். தோற்றுவிடுமோ என்று தோன்றுகிற பிள்ளைகளை வருஷா வருஷம் இப்படித்தான் ஓரங்கட்டுவார். பிள்ளைகள் அவருக்கு 'நூறு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் அப்படிக் கூப்பிடுவதில்லை. மனதுக்குள் கூப்பிடுவது கணக்கில் சேராது.

இந்த வருஷம் ஐந்து பேர் ஓரங்கட்டப்பட்டார்கள். தேர்வு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், அடுத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. அதற்குள் பெயர் போகாவிட்டால் தையல்காரம்மாவின் மகளுக்குப் படிப்பு அவ்வளவுதான். வீட்டில் இரண்டாவது தையல் மெஷின் ஏற்கெனவே எண்ணெய் போட்டுத் தயாராக நிற்கிறதாம். மனைவி இதையெல்லாம் சொன்னாள். தலைமையாசிரியரிடம் பேசிப் பார்க்கச் சொன்னாள். நான் என் தீர்மானத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

"எந்தச் சட்டம்?"

"கல்விச் சட்டம்."

"அதுல எத்தனாவது பிரிவு?"

இருபத்தாறு வருஷமாக 'சட்ட விதிகளின்படி' என்று அடித்துவருகிறேன். அந்தச் சட்டத்தை நான் பார்த்ததில்லை. அடிப்பதுதான் என் வேலை, பார்ப்பது இல்லை. இதை மனைவியிடம் சொல்ல முடியுமா? அதனால் குரலை உயர்த்தினேன்.

"கோர்ட்டுக்கே போனாலும் ஒண்ணும் நடக்காது. ஒரே ஒரு தடவை ஒரு அம்மா இதுக்காகக் கோர்ட்டுக்குப் போய்..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"போய்?"

"போய்... வந்தாங்க."

"கண்ணாடியைத் துடைக்காதீங்க. போய் என்னாச்சு?"

எனக்குத் தெரியாது என்றேன். தெரியும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தாய் வழக்குப் போட்டு, ஒரு பள்ளி நிர்வாகம் மண்ணைக் கவ்வியிருக்கிறது. அதைப் பற்றிக் கல்வி அலுவலகத்திலிருந்து எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை வந்தது. எங்கள் பிரதி என் அறையில், இரும்பு பீரோவின் அடித்தட்டில் கிடக்கிறது. "அது தூங்கட்டும், எழுப்பிடாதீங்க" என்று தலைமையாசிரியர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். நானும் எழுப்பவில்லை. பீரோ சாவி என் இடுப்பில்.

மனைவி மறுபடியும் துணி மடிக்க ஆரம்பித்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு விவாதத்தை அவள் பாதியில் விட்டதே இல்லை. சந்தேகம் என்கிற வியாதி எனக்கு அன்றுதான் தொற்றியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முதல் தடயம் கிடைத்தது. அவள் செருப்பு வழக்கமான இடத்தில் இல்லை. இரண்டாவது தடயம், மூக்கு நுனியில் கறுப்பாகத் தூசி. எங்கள் வீட்டில் தூசி கிடையாது. வந்தாலும் அவளிடம் அனுமதி கேட்டுத்தான் உட்கார வேண்டும். ஆகவே இது வெளியூர்த் தூசி. மூன்றாவது தடயம் காதில் செருகியிருந்த பென்சில்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் கைப்பையைத் திறந்து பார்த்தேன். ஒரு கணவன் செய்யக்கூடாத காரியம். அதனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டு. அதில் இப்படி இருந்தது: 'கல்வி - காண்க: மாணவர். மாணவர் - காண்க: கல்வி.'

அரைமணி நேரம் அதையே முறைத்தேன். யாருக்கோ அனுப்பும் ரகசியச் செய்தியா? அப்படியானால் யார் அந்த மாணவர்? பின்பக்கம் திருப்பினால் இன்னொரு வரி: 'தொகுதி 31, கணவன் - மனைவி வழக்குகள். வேண்டாம்.' எனக்கு வியர்த்துவிட்டது. வேண்டாம் என்றிருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் ஆறுதல். உடனே அடுத்த சந்தேகம். ஒரேயடியாக வேண்டாமா, இப்போதைக்கு வேண்டாமா?

பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டுவிட்டேன். இன்றைக்கு எங்கே போனாய் என்று. அவள் கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்.

"சட்ட நூலகத்துக்கு. கோர்ட்டுக்குப் பின்னாடி பழைய கட்டடம் இருக்கே, அங்கதான். வக்கீலுங்க மட்டும் இல்ல, யார் வேணும்னாலும் உக்காந்து படிக்கலாமாம். அந்த அம்மா போட்ட கேஸைத் தேடறேன்."

மறைத்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். மறைக்காமல் சொன்னால் ஒருவன் என்னவென்று நினைப்பது? அன்றிலிருந்து அவள் உப்புப் போட்டாலும் எதற்காகப் போடுகிறாள் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாளும் பத்து மணிக்குப் போய் நாலு மணிக்கு வந்தாள். ஒவ்வொரு நாளும் தூசி கூடியது. பேச்சு குறைந்தது. பென்சில் சின்னதாகிக்கொண்டே வந்தது. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் அகப்படவில்லை என்று தெரிந்தது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வெளியே சிரிக்கிற தைரியம் இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும்.

தலைமையாசிரியரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "உங்க வீட்டம்மா எதுவரைக்கும் போயிருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க. கடைசி நாள் வரைக்கும் அந்தத் தீர்ப்பு யார் கண்ணுலயும் படக்கூடாது. அது உங்க பொறுப்பு" என்றார். என் பொறுப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி.

கடைசி நாள் இருந்த வாரத்தின் திங்கட்கிழமை வந்தது. காலையில் நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி இஸ்திரி போட்டபடியே, ஏதோ பால் வந்துவிட்டது என்பது போலச் சொன்னாள்.

"கிடைச்சிருச்சு."

"என்னது?"

"அந்தக் கேஸ்தான். இன்னிக்கு வீட்டு வேலை தலைக்கு மேல கிடக்கு. நாளைக்குப் பத்து மணிக்குப் போய் நகல் எடுத்துட்டு வரணும்."

மேல் பொத்தானை இரண்டாவது ஓட்டையில் போட்டுவிட்டேன். அப்படியே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். காலை முழுக்க என் சட்டை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்ததாக வாட்ச்மேன் பிறகு சொன்னார்.

இந்த இடத்தில்தான் என் ராஜதந்திரம் தொடங்குகிறது. அவள் நாளைக்குப் போகிறாள். நான் இன்றைக்குப் போக வேண்டும். போய், அந்தப் புத்தகத்தை அவள் கைக்குக் கிடைக்காமல் செய்ய வேண்டும். ஆனால் எந்தப் புத்தகம்? பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில் எட்டு வருஷத்து வருகைப் பதிவேடுகளையும் ஒரு உடைந்த பூகோள உருண்டையையும் அகற்றியபின், அந்தச் சுற்றறிக்கை அகப்பட்டது. பூச்சி அரித்திருந்தது. வழக்குப் போட்டவர் பெயர் இருந்தது. எதிர்த்தரப்புப் பள்ளியின் பெயர் இருந்தது. வருஷம் இருந்தது. தீர்ப்பு வெளியான தொகுதியின் எண்ணையும் பக்கத்தையும் மட்டும் பூச்சி ருசி பார்த்திருந்தது.

பரவாயில்லை. பெயரையும் வருஷத்தையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சட்ட நூலகத்தில் நுழைந்ததும் ஒரு பெரிய பதிவேடு. பெயர், முகவரி, தொழில், எந்த விஷயம், என்ன நோக்கம் என்று கட்டம் கட்டமாக. எனக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட வக்கீல்கள் பாதிக் கட்டங்களில் கோடு இழுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பார்க்கவே வயிற்றெரிச்சலாக இருந்தது. நான் ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பினேன். வீட்டு எண், மாடி, தெரு, எல்லாம். நூலகர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு பிரியத்தோடு பார்த்தார். இரண்டு மூக்குக்கண்ணாடி வைத்திருந்தார். ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில்.

அலமாரி அலமாரியாகத் தேட நான் கிளம்பியபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "அப்படித் தேடினா ஓய்வு வயசு வந்துரும் சார்" என்றார். பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். தீர்ப்புகள் வருஷவாரியாகத் தொகுதிகளில் இருக்கும். அவற்றுக்குப் பொருளடக்கம் மாதிரி சுருக்கத் தொகுப்பு என்று ஒன்று தனியாக இருக்கும். அதில் தலைப்பு பார்த்துத் தேடலாம். ஆனால் தலைப்பை நம்பக் கூடாது. கல்வி வழக்குதானே என்று கல்வியில் தேடினால் அது மாணவருக்கு அனுப்பும். மாணவரில் தேடினால் திரும்பக் கல்விக்கே அனுப்பிவிடும். அந்தத் துண்டுச் சீட்டின் மர்மம் எனக்கு அங்கேதான் விளங்கியது.

"உங்க கேஸ் 'நிர்வாகம் - அதிகார வரம்பு'ங்கற தலைப்புல இருக்கு. யாராவது அங்க போய்த் தேடுவாங்களா? பேரும் வருஷமும் தெரிஞ்சதால உங்களுக்கு வழக்காடினவங்க பேர் அட்டவணையில அஞ்சு நிமிஷத்துல வந்துருச்சு. அது தெரியாம வர்றவங்க பாடு திண்டாட்டம்தான்" என்றார் நூலகர்.

பதினேழாம் தொகுதி. நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். உள் வரிசையில், ஏணி போட்டு ஏற வேண்டிய உயரத்தில் இருந்தது. எடுத்தபோது அதன் தலையில் விரல் கனத்துக்குத் தூசி. பல வருஷமாக ஒரு கையும் பட்டதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். எண்ணைத்தான் கண்டுபிடித்திருக்கிறாள், புத்தகத்தை இன்னும் தொடவில்லை. சரியான நேரத்தில் வந்துவிட்டேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

உட்கார்ந்து படித்தேன். படிக்க வேண்டிய அவசியமில்லைதான். ஆனாலும் ஒரு காகிதம் கையில் வந்தால் படித்துப் பார்க்காமல் ஒதுக்க எனக்குப் பழக்கமில்லை. அந்தத் தாய் எங்கள் தையல்காரம்மா மாதிரியே யாரோ ஒருத்தி. வக்கீல்கூட வைக்காமல் தானே நின்று பேசியிருக்கிறாள். நீதிபதி எழுதியிருந்தார்: 'தேறிவிடுவார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தவர்களை மட்டும்தான் தேர்வு எழுத விடுவதென்றால், தேர்வு எதற்கு?' இரண்டு தடவை படித்தேன். உள்ளே எங்கேயோ குத்தியது. கமாவும் சரியான இடத்தில் இருந்தது.

ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. இந்தத் தீர்ப்பைப் பிறகு யாராவது தூக்கி எறிந்திருக்கலாம் அல்லவா? நூலகரிடம் கேட்டேன். "நல்ல கேள்வி" என்றார். அதற்கும் தனி அட்டவணை இருந்தது. எந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்தவர்கள் ஏற்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்று. தேடினேன். மூன்று வழக்குகளில் ஏற்றிருந்தார்கள். ஒன்றில்கூடத் தள்ளவில்லை. எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் மூன்றுக்கும் தொகுதி எண், பக்கம், சாரம் எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக எழுதினேன். நீதிபதியின் அந்த வாக்கியத்தையும் மேலே எழுதி, அடியில் கோடு போட்டேன். தாளை நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் செருகினேன். ஏன் என்று கேட்காதீர்கள். அரைகுறையாக எதையும் விட்டுவிட்டு எழுந்திருக்க என்னால் முடியாது. கை அப்படிப் பழகிவிட்டது.

பிறகு நூலகரிடம், இந்தப் புத்தகத்தை வேறு யாரும் எடுக்காமல் செய்ய வழி உண்டா என்று மெல்லக் கேட்டேன்.

"முன்பதிவு பண்ணிக்குங்க. மூணு வேலைநாள் தனியா எடுத்து வெச்சிருவோம். வக்கீலுங்க எல்லாம் வாய்தா வரைக்கும் அப்படித்தான் செய்வாங்க."

"வேற யாருக்கும் தர மாட்டீங்களே?"

"உங்களுக்கும் உங்க ஆளுங்களுக்கும் தவிர யாருக்கும் கிடையாது."

என் காதில் கடைசி இரண்டு வார்த்தை மட்டும்தான் விழுந்தது. படிவத்தை நிரப்பினேன். பதினேழாம் தொகுதி நூலகரின் முதுகுக்குப் பின்னால் இருந்த தட்டில், என் பெயர் எழுதிய அட்டையோடு, தனியாகப் போய் உட்கார்ந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் நடக்கவில்லை, மிதந்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"நூலகத்துக்குப் போனியா?"

"போனேன்."

"அந்தப் புத்தகம்?"

"அலமாரியில இல்ல."

"அடடா" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் நடித்ததில்லை. அவள் ஒரு தட்டில் எனக்குப் பிடித்த முறுகல் ரொட்டியும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். கேட்காமல். எனக்குச் சந்தேகம் வந்தது. தோற்றுப்போனவள் எதற்கு உபசரிக்கிறாள்? பிறகு, தோற்றால் மனுஷர்களுக்குப் பணிவு வருமாக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை படி இறங்கும்போது தையல்காரம்மாவின் மகள் ஆறாவது படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அம்மாவின் மெஷின் ஓடவில்லை. வீட்டில் ஆள் இல்லை போலிருந்தது. நான் தாண்டிப் போக வழிவிட்டுக் காலை ஒடுக்கிக்கொண்டாள்.

"சார், வெள்ளிக்கிழமைதானே கடைசி நாள்?"

"ஆமாம்மா."

"சரி சார்" என்று மறுபடி கணக்கைப் பார்த்தாள். அனுப்ப மாட்டோம் என்று கடிதம் வந்த பிறகும் படிக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். மிச்சம் ஐந்து படியையும் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினேன். அன்று தலைமையாசிரியர் என்னைப் பாராட்டித் தன் டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். வாங்கினேன். மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை. மூன்று வேலைநாள் இன்றோடு முடிகிறது. இன்னும் ஒரே ஒரு நாள் நீட்டித்துவிட்டால் போதும், வெள்ளிக்கிழமை தாண்டிவிடும். காலையிலேயே நூலகத்துக்கு ஓடினேன். நூலகர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி மூக்குக் கண்ணாடிக்கு மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீட்டிக்கணுமா? எதுக்கு சார்? அதான் வேலை முடிஞ்சிருச்சே."

"என்ன வேலை?"

"செவ்வாய்க்கிழமை காலையிலேயே உங்க வீட்டம்மா வந்தாங்களே. எங்க வீட்டுக்காரர் ஏதாவது எடுத்து வெச்சிருக்காரான்னு கேட்டாங்க. உங்க பேரு, வீட்டு எண், மாடி, தெரு எல்லாம் சரியாச் சொன்னாங்க. பதிவேட்டோட ஒத்துப் பாத்துட்டுத்தான் கொடுத்தேன். நீங்க எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருந்தது நல்லதாப் போச்சு."

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருக்கும் தர மாட்டேன்னு சொன்னீங்களே?"

"உங்க ஆளுங்களைத் தவிரன்னு சொன்னேனே சார். வக்கீலுங்க வீட்லேர்ந்து வந்து வாங்கறது இங்க வழக்கம்தான். அப்புறம் சார், நீங்க செருகி வெச்ச குறிப்பைப் பாத்தேன். நாப்பது வருஷமா இங்க இருக்கேன், இவ்வளவு சுத்தமா குறிப்பு எடுக்கற வக்கீலை நான் பாத்ததில்ல. அதையும் சேர்த்தே நகல் எடுத்துட்டுப் போனாங்க."

எப்படிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. தலைமையாசிரியர் அறையில் மின்விசிறி ஓடியது, அவருக்கு வியர்த்தது. மேஜைமேல் கல்வி அதிகாரியின் உத்தரவு. புதன்கிழமை காலையில் தையல்காரம்மா மனுக் கொடுத்திருக்கிறார். கூடவே ஓரங்கட்டப்பட்ட மற்ற நாலு பிள்ளைகளின் பெற்றோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதிகாரி தீர்ப்பின் நகலைப் பார்த்தாராம். குறிப்பைப் பார்த்தாராம். மூன்று வழக்குகளையும் பார்த்தாராம். எழுந்து நின்று ஐந்து பேரையும் உடனே தேர்வுக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

தலைமையாசிரியர், அந்த உத்தரவோடு இணைத்திருந்த என் குறிப்பின் நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"யாரோ பெரிய வக்கீலா வெச்சிருக்காங்க. எழுத்தைப் பாத்தீங்களா? முத்து முத்தா இருக்கு."

இருபத்தாறு வருஷத்தில் அவர் என் கையெழுத்தைப் பார்த்ததே இல்லை. நான் தட்டச்சு செய்து கொடுப்பதில் கையெழுத்துப் போடுவதோடு சரி. எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் ரொம்ப நிம்மதியாகவும் இருந்தது. "ஆமாம் சார், விஷயம் தெரிஞ்ச ஆளுதான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஐந்து விண்ணப்பங்களையும் நானே நிரப்பினேன். தையல்காரம்மாவின் மகள் கையெழுத்துப் போட வந்தாள். பேனாவை நீட்டினேன். போட வேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். போட்டாள். அதன் மேல் பள்ளி முத்திரையைக் குத்தினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் முத்திரை குத்தியிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக ஒன்றைக் குத்தியதில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் தலைமையாசிரியரைச் சந்திக்க மாட்டீர்கள் என்கிற தைரியம்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கீழே இருந்து மெஷின் சத்தம் கேட்டது. ஒரே ஒரு மெஷின் சத்தம். மனைவி ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வெற்றிக் களிப்பு ஏதுமில்லை. அதுதான் இன்னும் சந்தேகமாக இருந்தது.

அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். தோற்றவனுக்கும் ஒரு கௌரவம் உண்டு. எப்படித் தோற்றோம் என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகத்தை நான் எடுத்து வைத்ததும், அவள் போய் வாங்கிக்கொண்டதும் புரிந்துவிட்டது. ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. பேரும் வருஷமும் பீரோவுக்குள் இருந்தன. பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது. தலைப்பு எங்கேயோ நிர்வாகத்தில் கிடந்தது. புத்தகத்தின் மேலே தூசிகூடக் கலையவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. திங்கட்கிழமை காலையில கிடைச்சிருச்சுன்னு சொன்னியே, அந்தக் கேஸை நீ எப்படிக் கண்டுபிடிச்சே?"

அவள் டீயைக் கடைசி வாய் வரைக்கும் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் எங்கே கண்டுபிடிச்சேன்? நாலு நாள் தேடியும் கிடைக்கல. அதனாலதான் கிடைச்சிருச்சுன்னு உங்ககிட்டச் சொன்னேன்."